பாக்டீரியா பிளாஸ்டிக்: செய்வது சுலபம், பிரித்தெடுப்பதுதான் பாடு

குப்ரியாவிடஸ் நெகேட்டர் என்றொரு மண் பாக்டீரியா இருக்கிறது. சர்க்கரை தாராளமாகக் கரைந்த நீரில் அதை வளரவிட்டு, நைட்ரஜன் கிடைப்பதை மட்டும் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டால், ஓரிரு நாளில் அதன் உடம்பில் பெரும்பகுதி பிளாஸ்டிக்காகிவிடும். பேச்சுக்குச் சொல்லவில்லை. ஈரத்தைப் போக்கி எடை போட்டால் செல்லின் எடையில் 80 சதவீதம்கூட பிளாஸ்டிக்காக இருக்கும். செல்லைக் குறுக்காகச் சீவி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், உள்ளே வேறெதற்கும் இடமில்லாதபடி வெளிறிய உருண்டைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

அந்த உருண்டைக்குள் இருப்பது பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட், சுருக்கமாக பிஎச்பி. பாலிஹைட்ராக்சிஆல்கனோயேட், சுருக்கமாக பிஎச்ஏ, என்ற பெரிய குடும்பத்தில் இது மூத்த பிள்ளை. நாம் தின்று மிஞ்சியது கொழுப்பாகச் சேர்வது போல, பாக்டீரியாவுக்கு இது சேமிப்பு. கார்பன் கொட்டிக் கிடக்கிறது, ஆனால் புரதம் கட்ட நைட்ரஜன் இல்லை, அதனால் பெருக முடியவில்லை. கிடைக்கும் கார்பனை வீணாக்காமல் சங்கிலியாகக் கோத்து உள்ளே அடுக்கி வைத்துக்கொள்கிறது. பின்னால் பஞ்சம் வந்தால் அதே சங்கிலியை அவிழ்த்துத் தின்று பிழைக்கும். இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிஎச்பி மண்ணில் மட்குவதற்குக் காரணமே அதுதான். நுண்ணுயிர்களுக்கு இது குப்பை அல்ல, சாப்பாடு.

இதைக் கண்டுபிடித்தது இப்போது அல்ல. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மாரிஸ் லெமோய்ன் 1920களின் நடுவிலேயே பேசில்லஸ் மெகாடீரியம் என்ற பாக்டீரியாவிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்து, அது என்னவென்றும் சொல்லிவிட்டார். நாம் பாலித்தீன் என்று சொல்லும் பாலிஎத்திலீன் தற்செயலாகக் கைக்கு வந்தது 1933இல், பிரிட்டனின் ஐசிஐ நிறுவன ஆய்வகத்தில். அதாவது நாம் இன்று மாற்றாகத் தேடும் பொருள், மாற்றப்பட வேண்டிய பொருளைவிட வயதில் மூத்தது. அப்படியிருந்தும் இன்று உலகில் ஆண்டுக்கு 40 கோடி டன்னுக்கு மேல் தயாராகும் பிளாஸ்டிக்கில், உயிர்ப்பொருளிலிருந்து வருபவை, மட்கக்கூடியவை எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு சதவீதம் தேறாது. பிஎச்ஏவின் பங்கு அந்த ஒரு சதவீதத்துக்குள் ஒரு துணுக்கு.

நூறு வருட இழுபறிக்கு என்ன காரணம்? பாக்டீரியாவைக் குறை சொல்ல முடியாது. அது தன் வேலையை அழகாகச் செய்கிறது. இழுபறியெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான்: என்ன தீனி போடுவது, உள்ளே சேர்த்ததை எப்படி வெளியே எடுப்பது.

முதலில் அதன் கைவேலையைப் பார்த்துவிடுவோம். சர்க்கரையோ எண்ணெயோ, எதைத் தின்றாலும் செல் அதை உடைத்துக் கடைசியில் அசிட்டைல் கோ-ஏ என்ற இரண்டு கார்பன் துண்டாக மாற்றிவிடும். மூன்று நொதிகள் அங்கிருந்து வேலையை எடுத்துக்கொள்கின்றன. முதல் நொதி இரண்டு துண்டுகளை ஒட்டி நான்கு கார்பன் ஆக்குகிறது. இரண்டாவது அதில் ஹைட்ரஜனைச் சேர்க்கிறது. மூன்றாவது நொதி அப்படி வரும் கண்ணிகளை ஒவ்வொன்றாகச் சங்கிலியில் கோத்துக்கொண்டே போகிறது, ஆயிரக்கணக்கில். எல்லாக் கண்ணிகளும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். ஒன்றுகூடத் திரும்பி நிற்காது. பெட்ரோலிய பிளாஸ்டிக்கான பாலிபுரொப்பிலீனில் இதே ஒழுங்கைக் கொண்டுவரத் தனி வினையூக்கி தேவைப்பட்டது, அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. இந்தச் செல்லோ சாதாரண வெப்பத்தில், வெறும் தண்ணீரில், சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. மூன்று நொதிகளுக்கான மரபணுக்களும் 1980களின் இறுதியில் பிரித்தெடுக்கப்பட்டன. ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவுக்குள் அவற்றை நுழைத்தால் அதுவும் பிஎச்பி செய்யும். 1992இல் ஒரு செடிக்குள்கூட வைத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் பிளாஸ்டிக் வந்தது, ஆனால் செடி நோஞ்சானாகிவிட்டது.

சரி, இனி கணக்கு. 180 கிராம் குளுக்கோஸ் உள்ளே போனால் அதிகபட்சம் 86 கிராம் பிஎச்பிதான் வரும். எவ்வளவு கெட்டிக்கார பாக்டீரியாவாக இருந்தாலும் வழக்கமான இந்த வழியில் இதற்கு மேல் வராது, ஏனென்றால் ஆறு கார்பனில் இரண்டு, கரியமில வாயுவாகப் பறந்துவிடுகிறது. இது ஏட்டுக் கணக்கு. செல் உயிர்வாழவும் வளரவும் செலவழிப்பதைக் கழித்தால், நடைமுறையில் ஒரு கிலோ பிளாஸ்டிக்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோ சர்க்கரை ஆகிறது. எத்திலீன் வாயுவிலிருந்து பாலிஎத்திலீன் செய்யும்போது ஒரு கிலோ போட்டால் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். பெட்ரோலியத்தோடு போட்டி என்று வரும்போது ஆட்டம் இந்த இடத்திலேயே பாதி முடிந்துவிடுகிறது. தாவர எண்ணெய் கொடுத்தால் நிலைமை எவ்வளவோ தேவலை. எண்ணெயில் ஆக்ஸிஜன் குறைவு, உடைக்கும்போது கார்பன் வீணாவதும் குறைவு. ஒரு கிலோ எண்ணெய்க்கு முக்கால் கிலோ வரை பிளாஸ்டிக் எடுக்க முடிகிறது. இன்று சந்தையில் இருக்கும் சில நிறுவனங்கள் சர்க்கரையை விட்டுவிட்டு எண்ணெய்ப் பக்கம் போனதற்கு இதுதான் காரணம்.

தீனிக்கு ஆகும் செலவு மொத்தச் செலவில் பாதி வரை போகும். மீதியில் பெரும் பங்கைத் தின்பது தொட்டி. எந்தக் கிருமியும் புகாதபடி முழுத் தொட்டியையும் நீராவியில் வேகவைக்க வேண்டும். இந்த பாக்டீரியா மூச்சு விடும் ஜாதி. இரவும் பகலும் காற்றை அழுத்தி உள்ளே செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வளரும்போது அது வெளிவிடும் சூட்டைக் குளிரூட்டித் தணிக்க வேண்டும். மூன்றுக்கும் மின்சாரம், எரிபொருள்.

அப்புறம் வருகிறது அறுவடை. இந்தத் துறையைப் பற்றி எழுதுபவர்கள் இதை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் எனக்கு இதுதான் முக்கியமான கட்டமாகத் தோன்றுகிறது. சாராயமோ லாக்டிக் அமிலமோ செய்யும் நுண்ணுயிர்கள் தம் சரக்கை வெளியே நீரில் விட்டுவிடும். வடிகட்டினால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிஎச்பி அப்படியல்ல. அது செல்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது. நொதித்தல் மிக நன்றாக நடந்த தொட்டியில்கூட ஒரு லிட்டரில் 150, 200 கிராம் அளவுக்குத்தான் உலர்ந்த செல் இருக்கும், மற்றதெல்லாம் தண்ணீர். முதலில் மையவிலக்கியில் சுழற்றிச் செல்களைத் திரட்ட வேண்டும். பிறகு சுவரை உடைக்க வேண்டும். உள்ளேயிருந்து புரதமும் கொழுப்பும் மரபணு இழைகளுமாகக் கொழகொழவென்று ஒரு கலவை வெளிவரும். அதற்குள்ளிருந்து பிளாஸ்டிக்கை மட்டும் எடுக்க வேண்டும்.

ஆய்வகத்தில் இதற்குச் சுலபமான வழி குளோரோஃபார்ம். பிஎச்பி அதில் கரையும், மற்றது பெரும்பாலும் கரையாது. வடிகட்டி, கரைசலை மெத்தனாலில் ஊற்றினால் பிளாஸ்டிக் வெள்ளைப் பஞ்சாகப் படியும். பார்க்க அழகாக இருக்கும், கிடைப்பதும் மிகச் சுத்தம். ஆனால் பூமியைக் காப்பாற்ற என்று கிளம்பிவிட்டு டன் கணக்கில் குளோரின் கரைப்பானில் முங்குவதில் என்ன நியாயம்? பிளீச்சிங் கரைசலால் செல்லைக் கரைக்கலாம். அது பிளாஸ்டிக் சங்கிலியையும் சேர்த்து வெட்டிவிடுகிறது, பொருள் பலவீனமாகிறது. சோப்பு போன்ற பொருட்களும் புரதம் தின்னும் நொதிகளும் சாதுவானவை; ஆனால் கழுவக் கழுவத் தண்ணீர் செலவாகும், கழிவுநீர் சேரும். எந்த வழியில் போனாலும் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இத்தனை பாடுபட்டு எடுத்த சுத்தமான பிஎச்பியில் டப்பா வார்த்தால், அது கீழே விழுந்ததும் உடையும். பாலிபுரொப்பிலீன் இழை தன் நீளத்தைப் போலச் சில மடங்கு நீண்ட பிறகே அறும். பிஎச்பி ஐந்து சதவீதம் நீள்வதற்குள் முறிந்துவிடும். நாம் மெச்சிய அந்த ஒழுங்குதான் இங்கே வினை. கண்ணிகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் இறுக்கமாகப் படிகமாகி, வைக்க வைக்க இன்னும் நொறுங்கும் தன்மை கூடுகிறது. இன்னொரு தலைவலி, இது உருகுவது சுமார் 175 டிகிரியில், சிதையத் தொடங்குவதும் அதற்குச் சற்று மேலேயே. எந்திரத்தை ஓட்டுபவருக்குக் கிடைக்கும் இடைவெளி அவ்வளவு குறுகியது.

ஐசிஐ இதற்கு ஒரு வழி கண்டது. பாக்டீரியாவின் தீனியில் குளுக்கோஸோடு புரொப்பியோனிக் அமிலத்தையும் சேர்த்தார்கள். சங்கிலியில் அங்கங்கே ஐந்து கார்பன் கண்ணிகள் புகுந்தன, ஒழுங்கு கொஞ்சம் குலைந்தது, பொருள் வளைந்து கொடுத்தது. பயோபோல் என்ற பெயரில் 1990இல் ஜெர்மனியில் ஷாம்பு பாட்டிலாகக் கடைக்கு வந்தது இதுதான். பாலிஎத்திலீனைக் கண்டெடுத்த அதே ஐசிஐ! 1970களின் எண்ணெய் நெருக்கடியில் சூடு பிடித்த முயற்சி, எண்ணெய் விலை இறங்கியதும் ஆறிப்போனது. அதன்பின் பயோபோல் கைமாறிய கதை நீளமானது. ஐசிஐயிலிருந்து பிரிந்த ஜெனிகாவுக்கு, அங்கிருந்து 1996இல் மான்சான்டோவுக்கு, 2001இல் மெட்டபாலிக்ஸுக்கு. மெட்டபாலிக்ஸ் அமெரிக்க வேளாண் நிறுவனமான ஏடிஎம்முடன் கூட்டுச் சேர்ந்து அயோவாவில் ஆண்டுக்கு 50,000 டன் செய்யும் ஆலையைக் கட்டியது. 2012 தொடக்கத்தில் ஏடிஎம் விலகிக்கொண்டது. எதிர்பார்த்தபடி விற்பனை இல்லை. 2016இல் மெட்டபாலிக்ஸின் பிஎச்ஏ சொத்துக்களைத் தென்கொரியாவின் சிஜே வாங்கியது. எண்ணெய்த் தீனியில் பிஎச்ஏ செய்து வந்த இன்னொரு அமெரிக்க நிறுவனமான டேனிமர் 2025 மார்ச்சில் திவாலானதாக மனுப் போட்டது.

ஜப்பானின் கனேகா நிறுவனம் நிலைத்து நிற்கிறது. 1991இல் தன் தகாசாகோ ஆலை வளாகத்து மண்ணிலேயே பொருத்தமான ஒரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தது அது. சங்கிலியில் ஆறு கார்பன் கண்ணிகளையும் கலந்து செய்த அதன் பிளாஸ்டிக், மென்மையானது. 2019இல் ஜப்பானிய செவன்-இலெவன் கடைகளுக்கு உறிஞ்சுகுழலாக வந்தது. கண்டெடுத்ததற்கும் குழலுக்கும் இடையே ஏறக்குறைய 30 வருடம். முதலீட்டாளர்களின் பொறுமைக்கும் இந்தத் துறையின் வேகத்துக்கும் ஒத்துப்போகாததில் வியப்பில்லை.

விலை ஒரு பக்கம். உண்மையிலேயே இது பூமிக்கு நல்லதா என்ற கேள்வியை 1999இல் டில்மன் ஜெர்ன்கிராஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுப்பினார். மக்காச்சோளம் விளைவிக்க உரம், டிராக்டருக்கு டீசல், சோளத்திலிருந்து சர்க்கரை பிரிக்க, தொட்டியை வேகவைக்க, உலர்த்த என்று எல்லா எரிபொருளையும் கூட்டிப் பார்த்தார். ஒரு கிலோ பிஎச்ஏவுக்கு, பெட்ரோலிய பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் ஒரு கிலோவுக்கு ஆவதைவிடச் சற்று அதிகமான புதைபடிவ எரிபொருள் ஆகும் என்று வந்தது. பெட்ரோலியம் பிளாஸ்டிக்குக்குள் போவதற்குப் பதில் புகைபோக்கி வழியாகப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கணக்குப் பழையது. நொதித்தல் முறைகள் மேம்பட்டிருக்கின்றன, மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதும் பல இடங்களில் மாறிவிட்டது. ஆனால் கேள்வி செல்லாமல் போகவில்லை. ‘பாக்டீரியா செய்தது’ என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பொருளைப் பசுமைப் பட்டியலில் சேர்க்க முடியாது.

இந்தக் கணக்கை மாற்ற நடக்கும் முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, சாக்கடையிலிருந்து தொடங்குவது. கழிவுநீர் நிலையங்களின் சேற்றில் ஆயிரம் வகை பாக்டீரியாக்கள் கலந்து கிடக்கும். அவற்றில் சில பிஎச்ஏ சேர்க்கும். தேடிப் பிடித்துத் தனியாக வளர்க்கத் தேவையில்லை. கலவைக்குக் கொஞ்ச நேரம் விருந்து வைத்து, பிறகு நீண்ட நேரம் பட்டினி போட வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். விருந்து வேளையில் சேமித்து வைத்தவை பட்டினியில் பிழைக்கும், மற்றவை தளர்ந்து பின்தங்கும். சில வாரங்களில் தொட்டி தானாகவே சேமிப்பாளர்களின் கையில் வந்துவிடும். தொட்டியை வேகவைக்கும் செலவு இல்லை, தீனி இலவசம். நெதர்லாந்தில் கழிவுநீரை வைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். சிக்கல், இன்று வரும் கழிவு நாளை வருவதில்லை. தீனி மாறினால் பிளாஸ்டிக்கின் குணமும் மாறும். அதோடு, அந்தச் சேற்றிலிருந்து சுத்தமாகப் பிரிப்பது இன்னும் கடினம்.

சீனாவில் குவோ-சியாங் சென் என்ற ஆய்வாளரின் குழு வேறு வழியில் போனது. சின்ஜியாங்கின் உப்பு ஏரி ஒன்றில் கிடைத்த ஹாலோமோனாஸ் என்ற பாக்டீரியா, உப்பும் காரமும் மிகுந்த நீரில் செழிக்கும். பெரும்பாலான மற்றக் கிருமிகள் அங்கே தாக்குப்பிடிக்காது. அதனால் திறந்த தொட்டியில், கடல்நீரில், வேகவைக்காமல் வாரக்கணக்கில் ஓட்ட முடிகிறது. செல்லின் உருவத்தையே மரபணு மாற்றி நீட்டினார்கள். உள்ளே பிளாஸ்டிக்குக்கு இடம் கூடியது, செல்களைப் பிரித்தெடுப்பதும் எளிதானது. மீத்தேன் தின்னும் பாக்டீரியாக்களை வைத்து, குப்பைமேட்டு வாயுவிலிருந்து பிஎச்பி எடுக்கும் நிறுவனங்களும் உண்டு. மீத்தேன் நீரில் சரியாகக் கரையாது, ஆக்ஸிஜனோடு கலந்தால் வெடிக்கும். பொறியாளர்களுக்கு நல்ல வேலை. முதலில் பார்த்த குப்ரியாவிடஸுக்கோ ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கரியமில வாயுவும் இருந்தாலே போதும். சர்க்கரையே வேண்டாம். ஹைட்ரஜன் எப்படிக் கிடைக்கிறது என்பதுதான் அங்கே எல்லாம்.

பாக்டீரியாவிடம் முழுச் சங்கிலியையும் கேட்காமல் கண்ணியை மட்டும் வாங்கிக்கொள்வது இன்னொரு பாதை. லாக்டிக் அமிலத்தை நுண்ணுயிர் செய்து தரும், அதைக் கோத்து பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் ஆக்குவது வேதியியல் ஆலை. இத்தாலியில் 2016 முதல் மரபணு மாற்றிய ஈ. கோலை, சர்க்கரையிலிருந்து பியூட்டேன்டையால் என்ற கண்ணியை ஆண்டுக்கு 30,000 டன் அளவுக்குச் செய்யும் ஆலை இயங்குகிறது. கண்ணி வெளியே நீரில் வந்துவிடுவதால் செல்லை உடைக்கும் கூத்து கிடையாது. இந்த வழி வேகமாக வளர்ந்ததற்கு அதுவே பெரிய காரணம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். எதிலிருந்து வந்தது என்பதும் எங்கே போய் முடியும் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். கரும்புச் சாராயத்திலிருந்து செய்யும் பாலிஎத்திலீன் அசல் பாலிஎத்திலீன்தான், மட்காது. பெட்ரோலியத்திலிருந்து வரும் பிபிஏடி என்ற பிளாஸ்டிக் மட்கும். பிஎல்ஏ தாவரத்திலிருந்து வந்தாலும், அது ஒழுங்காக மட்க 60 டிகிரியை ஒட்டிச் சூடு ஏறும் தொழிற்சாலை உரக்குழி வேண்டும். கடலில் போட்டால் பல வருடம் அப்படியே கிடக்கும். பிஎச்ஏ இவற்றிலிருந்து வேறுபடுவது இந்த ஒரு விஷயத்தில்தான். மண்ணிலும் கடலிலும் அதைத் தின்னத் தெரிந்த நுண்ணுயிர்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

இருந்தாலும் தூக்கி எறிந்த மறுநாள் மறைந்துவிடாது. கடலில் பிஎச்ஏ சிதையும் வேகத்தை அளந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2019இல் போட்ட கணக்கின்படி, ஒரு தண்ணீர் பாட்டில் முழுதாகக் கரைய ஒன்றரை முதல் மூன்றரை வருடம் ஆகலாம். மெல்லிய பை சீக்கிரம் போகும், தடித்த மூடி நிற்கும், குளிர்ந்த நீரில் எல்லாமே தாமதமாகும். அதுவரை ஓர் ஆமை அதை விழுங்கத் தடையேதும் இல்லை. காற்றுப் புகாத குப்பைமேட்டில் புதைந்தால் மட்கும்போது மீத்தேனாக வரும். பிடித்து எரிக்காவிட்டால் வெப்பமாதலுக்கு அதுவும் உரம்.

ஆகவே குடிநீர் பாட்டிலை பிஎச்ஏவில் செய்யச் சொல்லி மல்லுக்கட்டுவது தேவையில்லாத வேலை என்பது என் கருத்து. பாட்டிலைத் திரும்பச் சேகரிக்கலாம், உருக்கலாம். வழக்கமான தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்கான பிஇடியின் குவியலுக்குள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் வேறு பிளாஸ்டிக் கலந்தால் மறுசுழற்சியும் கெடும். திரும்ப எடுக்கவே முடியாத இடங்களில்தான் இதற்கு மதிப்பு. அறுவை சிகிச்சை நூல் ஒன்று: பிஎச்ஏ குடும்பத்தின் பி4எச்பியில் செய்த தையல் நூலுக்கு அமெரிக்காவில் 2007இல் அனுமதி கிடைத்தது. உடம்புக்குள் அது கரைந்து வரும் துண்டு, உடம்பில் இயல்பாகவே சிறிதளவு இருக்கும் பொருள்தான். அங்கே கிலோ என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. காகிதக் கோப்பையின் உட்பூச்சு, முகம் கழுவும் பூச்சுகளில் சேரும் நுண்மணிகள், கடலில் தொலையும் மீன்பிடிப் பொறிகளின் பாகங்கள் எல்லாம் இதே வரிசையில் வரும்.

வயலில் களை முளைக்காமலும் ஈரம் காயாமலும் இருக்க விரிக்கும் மூடாக்குத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பாலிஎத்திலீன் தாள் மலிவு. ஆனால் அறுவடை முடிந்ததும் அது கிழிந்து, வேரில் சிக்கி, தன் எடைக்கு மேல் மண்ணைச் சுமந்துகொண்டு வரும். ஆள் வைத்துப் பொறுக்க வேண்டும். அழுக்கேறிய அந்தத் தாளை மறுசுழற்சிக்கு வாங்குவார் அரிது, ஒரு பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். பிஎச்ஏ கலந்த தாளை உழவோடு உழுதுவிடலாம். கடையில் அதன் விலை சில மடங்கு அதிகம்தான். பொறுக்கும் கூலியையும், கொண்டுபோய்க் கொட்டும் செலவையும், வருடா வருடம் மண்ணில் சேரும் கிழிசலையும் பாலிஎத்திலீன் பக்கம் எழுதிப் பார்த்தால் அந்த வித்தியாசம் எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும். சில பயிர்களுக்கு அது இப்போதே கட்டுப்படியாகலாம்.